பிறர் அமைத்த சட்டகமும் மாணவர் முயற்சியும்

கணிப்பொறியியலைப் பாடமாகக் கொண்ட மாணவர், தம் கல்வியின் இறுதியாண்டில் ஒரு செய்முறைத் திட்டத்தை நிறைவேற்றி, அதனைப் பற்றி அறிக்கையொன்று எழுதித் தேர்வாளர் முன்னின்று விடையிறுத்தல் வேண்டுமென்பது இந்நாளிற் கல்லூரிகள் பலவற்றிலும் வழங்கும் முறையாகும். அத்திட்டங்களுட் பல வலைத்தளங்களாகவே அமைகின்றன. நூல்நிலையப் பதிவேடு, விடுதிக் கணக்கு, வருகைப் பதிவு, பழைய மாணவர் சங்கத்தின் பெயர்ப்பட்டி என்றின்னோரன்னவை மாணவர் கைக்கு எட்டிய பொருள்கள். இவற்றைத் தொடங்குங்கால் ஆண்டுதோறும் ஒரு வினா எழுகின்றது. வலைத்தளத்தின் எல்லா உறுப்புக்களையும் மாணவர் தம் கையாலேயே எழுதுதல் வேண்டுமா? அன்றிப் பிறர் முன்னரே எழுதிப் பலரும் கையாண்டுவரும் வலைச்சட்டகம் ஒன்றை எடுத்து, அதன்மேல் தம் வேலையை அமைத்துக்கொள்ளலாமா? ஆசிரியருள்ளும் மாணவருள்ளும் இதுபற்றி இருவேறு கட்சியினர் உளர்.

இது கணிப்பொறி பயில்வோர்க்கு மட்டும் உரிய சிறு வழக்கென்று ஏனையோர் ஒதுக்கிவிடலாகாது. மாணவர் தாம் செய்யாததைச் செய்ததாகக் காட்டிப் பட்டம் பெறுகின்றனரா என்பதும், அவர் அமைக்கும் தளத்திற் பிறர் நம்பிக் கொடுக்கும் பெயர், தொலைபேசி எண், கடவுச்சொல் ஆகியவை காப்புடன் இருக்குமா என்பதும், ஒரு பருவத்தின் உழைப்பு அறிவாகப் பயன்படுமா, வெறுங் காகிதக் கட்டாக முடியுமா என்பதும் இவ்வினாவினுள் அடங்கியுள்ளன. ஆதலின் இதனைச் சிறிது விரித்தாராய்தல் தகுதியென்று கருதுகின்றோம்.

முதற்கண், சட்டகமென்பது யாது? நாம் உலாவியில் ஒரு முகவரியை எழுதி அனுப்பியவுடன், தொலைவிலுள்ள சேவையகத்துக்கு ஒரு வேண்டுகோள் செல்கின்றது. சேவையகம் அம்முகவரியைப் படித்து, அதற்குரிய நிரற்பகுதி எதுவென்று தேர்ந்து, கேட்பவர் யாரென்றறிந்து, தரவுத்தளத்திலிருந்து வேண்டிய செய்தியைப் பெற்று, அதனை ஒரு பக்கமாகக் கோத்து மறுமொழியாக விடுக்கின்றது. பலசரக்குக் கடையின் தளமாயினும், புகைவண்டிச் சீட்டுத் தருந் தளமாயினும், எமது கல்லூரி நூல்நிலையத்தின் தளமாயினும் இவ்வொழுங்கு பெரும்பாலும் ஒன்றே. எல்லாவற்றுக்கும் பொதுவான இவ்வேலைகளைச் செய்யும் நிரல்களை ஒருங்கமைத்து, ஒவ்வொரு தளத்துக்கும் சிறப்பாக வேண்டியவற்றை எழுதிச் சேர்ப்பதற்கு இடம் விட்டு வைத்திருப்பதே வலைச்சட்டகம். ‘வெப் பிரேம்வொர்க்’ என்று மாணவர் வழங்குவது இதனையே. சாதாரண நிரற்றொகுதிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடுண்டு. நிரற்றொகுதியை நாம் வேண்டும்போது அழைக்கின்றோம்; சட்டகமோ, தனக்கு வேண்டும்போது நாம் எழுதியதை அழைக்கின்றது. எனவே, சட்டகத்தை மேற்கொள்பவன் அதன் ஒழுங்குக்கு உட்பட்டே வேலை செய்கின்றான். இவ்வேறுபாட்டை மறந்தோர் பின்னர் இடர்ப்படுவர்.

இனி, இச்சட்டகங்கள் தோன்றிய வரலாற்றையும் நோக்குவோம். ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989ஆம் ஆண்டில் வலையைப் பற்றிய தம் கருத்தை எழுதி அளித்தார். 1991ஆம் ஆண்டில் அது உலகோர்க்கு வெளிப்பட்டது. அந்நாளில் வலைப்பக்கங்கள் எழுதி வைத்த ஏடுகளைப் போல மாறாதிருந்தன. 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சி.ஜி.ஐ. என்னும் முறையால், கேட்போர்க்கு ஏற்பப் பக்கத்தை அவ்வப்போது ஆக்கித் தருதல் கூடுவதாயிற்று. அதன்பின்னர்ப் பல்லாண்டுகள் நிரலாளர் ஒவ்வொருவரும் அதே வேலையைத் தத்தமக்குத் தோன்றியவாறு திரும்பத் திரும்ப எழுதி வந்தனர்.

2003ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கான்சஸ் மாகாணத்து லாரன்ஸ் என்னும் சிறு நகரில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற செய்தித்தாளின் வலைத்தளத்தை ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் அமைத்து வந்தனர். செய்தித்தாளின் வேலை நாளுக்கும் நாழிகைக்கும் கட்டுப்பட்டது. இன்று கேட்ட பக்கம் நாளை வேண்டும். ஆதலின் தாம் பலமுறை எழுதி எழுதிச் சலித்த பகுதிகளை அவர்கள் பிரித்தெடுத்து ஒழுங்குபடுத்தினர். அதுவே பைத்தான் மொழியில் அமைந்த ‘ஜாங்கோ’ என்னும் சட்டகமாய் 2005ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யாவரும் எடுத்தாளும் உரிமையுடன் வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கித்தார் வித்துவானின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னர், டேவிட் ஹைன்மையர் ஹான்சன் என்பார் பேஸ்கேம்ப் என்னும் தளத்துக்காகத் தாம் எழுதியதிலிருந்து பிரித்தெடுத்து ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ என்னும் சட்டகத்தை வெளியிட்டார்.

இவ்வரலாற்றினின்று நாம் அறிய வேண்டுவது ஒன்றுளது. இச்சட்டகங்கள் ஒருவர் தனியிடத்திருந்து எண்ணிப் புனைந்தவை அல்ல. ஒரே வேலையைப் பன்முறை கையாற் செய்தோர், அவ்வேலையின் சாரத்தைத் திரட்டி வைத்தவை. அவற்றை இயற்றியோர் சட்டகமின்றி எழுதும் வருத்தத்தை முன்னரே அறிந்தவர். அவ்வருத்தத்தைச் சிறிதும் அறியாத ஒருவன் அச்சாரத்தை மட்டும் எடுத்துண்பானாயின், அஃது எதற்கு மருந்தென்பதே அவனுக்குத் தெரியாமற் போகும்.

நிற்க. சட்டகத்தை மறுப்போர் கூறுங் காரணங்களை முதலில் நடுநிலையுடன் எடுத்துரைப்போம். சட்டகத்தைக் கைக்கொண்ட மாணவன், வேண்டுகோள் எவ்வாறு வருகின்றது, மறுமொழி எவ்வாறு செல்கின்றது என்பனவற்றை அறியாமலே பட்டம் பெற்றுவிடுகின்றான் என்பது ஒன்று. முடிந்த தளத்தில் எது சட்டகத்தின் வேலை, எது மாணவனின் வேலையென்று தேர்வாளர் பிரித்தறிதல் அரிதென்பது இரண்டாவது. சட்டகங்கள் நிலையாமையுடையன என்பது மூன்றாவது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்து பல்லாயிரவரால் விரும்பப்பட்ட ஆங்குலர்ஜேஎஸ் என்பதனை, அதனை வெளியிட்ட கூகுள் நிறுவனத்தாரே 2021ஆம் ஆண்டின் இறுதியோடு பேணாது நிறுத்திவிட்டனர். பிறர் பொருளைச் சார்ந்திருப்பதன் இடர் நான்காவது. 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து தம் பொதிகளை ஒருவர் பிணக்கினால் எடுத்துவிட்டார். அவற்றுள் ‘லெப்ட்-பேட்’ என்பது எழுத்துவரிசையின் இடப்புறத்தை நிரப்பித் தரும் 11 வரிகளேயுடைய சிறு நிரல். அஃதொன்று இல்லாது போகவே, அதனைத் தாம் சார்ந்திருப்பதையே அறியாத எத்துணையோ பேருடைய வேலைகள் உலகெங்கும் சில மணிநேரம் தடைப்பட்டன. பதினொரு வரியைத் தாமே எழுதிக்கொள்ளலாகாதா என்று அன்று பலரும் வினவினர்.

இக்காரணங்கள் யாவும் மெய்யே. ஆயினும் இவற்றினின்று ‘சட்டகத்தைத் தொடாதே’ என்னும் முடிபு பெறப்படாது. அதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம்.

மூன்று மாணவர் கூடிப் பன்னிரண்டு வாரத்தில் ஒரு கல்லூரி நூல்நிலையத்துக்கு வலைவழிப் பதிவேடு ஒன்றை அமைக்கப் புகுகின்றனர் என்று கொள்வோம். சட்டகம் வேண்டாவென்று விலக்கினால் அவர்கள் முதலிற் செய்ய வேண்டுவன யாவை? வருவோரை அடையாளங் காணல் வேண்டும். கடவுச்சொற்களை உள்ளவாறே எழுதி வைத்தல் பெருங்குற்றம்; திரும்பப் படிக்கவொண்ணாத வடிவில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உப்பெண் கூட்டி, ஊகித்துப் பார்ப்போர்க்கு நெடுநேரம் ஆகும்படி மாற்றி வைத்தல் வேண்டும். படிவத்தில் வருவனவற்றைச் சோதித்தல் வேண்டும். தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்.க்யூ.எல். வாக்கியத்தில், பெயர் எழுத விட்ட இடத்தில் ஒருவன் மேற்கோட்குறியும் கட்டளையுமாக எழுதிவிட்டால், தரவுத்தளம் அதனையும் நம் கட்டளையென்றே கொண்டு நிறைவேற்றிவிடும். 1998ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக எடுத்துரைக்கப்பட்ட இவ்விடர் இன்றும் ஒழிந்தபாடில்லை. ஒருவர் எழுதிய குறிப்பு மற்றொருவரின் உலாவியில் நிரலாகி இயங்குவதைத் தடுத்தல் வேண்டும். வேறொரு தளத்திலுள்ள பொத்தான், உள்நுழைந்திருக்கும் நம் வாசகரின் பெயரால் வேண்டுகோள் விடுப்பதையுந் தடுத்தல் வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் தேர்ந்த நிரலாளரும் பிழைபட்ட இடங்கள். இருபது வயது மாணவர் மூவர் இவற்றைத் தாமே எழுதப் புகுவரேல், வாரங்கள் ஒன்பது கழிந்தும் நூல்நிலையத்தின் வாயிலையே மிதித்திரார். ஜாங்கோ சட்டகமோ, கடவுச்சொல்லைப் பி.பி.கே.டி.எஃப்.2 என்னும் முறையால் மறைத்து வைக்கின்றது. தரவுத்தளத்துக்குச் செல்லும் மதிப்புக்களை வாக்கியத்தினின்று பிரித்தே அனுப்புகின்றது. பக்கத்திற் காட்டும் எழுத்துக்களைத் தீங்கு நீக்கிக் காட்டுகின்றது. பொய் வேண்டுகோளை அறிய ஒவ்வொரு படிவத்திலும் ஓர் இரகசியக் குறியை வைக்க இடந் தருகின்றது. இவ்வாறு பொதுவேலை நீங்கவே, மாணவர் தமக்கேயுரிய வேலைக்கு வருகின்றனர்.

அவ்வேலை சிறிதென்று எண்ணற்க. ஒரே நூலின் ஒரே படியை இருவர் ஒரே நொடியிற் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? இதற்குரிய கருவியைச் சட்டகம் வைத்திருக்கின்றது. ஆனால் அதனை எங்கே பயன்படுத்துவதென்று மாணவனே அறிதல் வேண்டும். விடுமுறை நாளில் தவணை முடிந்தால் தண்டம் உண்டா? உ. வே. சாமிநாதையர் என்றும், சாமிநாத ஐயர், உ. வே. என்றும் எழுதப்பட்டவை ஒருவர் பெயரே என்று பதிவேட்டுக்கு எங்ஙனம் உணர்த்துவது?

தமிழெழுத்திலும் ஆராய்ச்சிக்கு இடமுளது. ‘கொ’ என்னும் எழுத்தை யூனிக்கோட்டில் இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம், மூன்று குறியீடுகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. ஆதலின் ‘கொடை’ என்று தேடுவோர்க்கு, அலமாரியில் உள்ள நூலே இல்லையென்று விடை வரக்கூடும். மேலும் யூனிக்கோட்டுக் குறியீட்டின் வரிசைப்படி சொற்களை அடுக்கினால் மகன் முன்னும் மகள் பின்னும் வரும். நம் அகராதி முறைப்படி ளகரம் முன்னது, னகரம் பின்னது ஆதலின் மகள் முன்னும் மகன் பின்னும் வருதல் வேண்டும். நூலின் தலைப்பு முதலியவற்றை எழுதும் பொதுவான எழுத்துப் புலங்களில் இவற்றைச் சட்டகம் தானாகத் திருத்தித் தாராது. தமிழறிவும் நிரலறிவும் ஒருங்கே உடைய மாணவனே திருத்துதல் வேண்டும். கடவுச்சொல் மறைப்பை ஆயிரத்தோராவது முறையாகக் குறைபட எழுதுவதினும், தமிழ் நூற்பட்டியை ஒருமுறை நிறைவாக அடுக்கித் தருதல் கல்லூரிக்கும் நாட்டுக்கும் பயனுடைத்தன்றோ? சட்டகத்தை யாம் ஆதரிப்பதன் தலையாய காரணம் இதுவே.

அற்றேல், சட்டகத்தை எடுத்தவுடன் எல்லாம் நலமாகுமோ எனின், ஆகாது. 2017ஆம் ஆண்டில் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன்விவர நிறுவனத்தினின்று ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களைப் பற்றிய செய்திகள் களவுபோயின. அந்நிறுவனத்தார் கையாண்ட அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் வலைச்சட்டகத்திலிருந்த ஓட்டையே கள்வர் புகுந்த வழி. அவ்வோட்டைக்குத் திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்துவிட்டது. கள்வர் மே முதல் ஜூலை வரை உள்ளே உலவினர். திருத்தம் வாயிலில் வந்து நிற்கவும், அதனை உரிய இடத்தில் எடுத்து வைப்பார் இல்லை. மற்றொன்று: 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கிட்ஹப் தளத்தில், ரெயில்ஸ் சட்டகத்தின் மூலநிரல் வைக்கப்பட்டிருந்த இடத்துக்கே உரிமையில்லாத ஒருவர் எழுதும் உரிமை பெற்றுக் காட்டினார். படிவத்தில் வரும் எல்லாப் புலங்களையும் வினவாது பதிவேட்டில் ஏற்றிவிடும் வசதி ஒன்று அச்சட்டகத்தில் இருந்தமையும், தளத்தார் ஓரிடத்தில் அதற்குக் காவலிட மறந்தமையுமே காரணம். அடுத்த ஆண்டு வெளிவந்த நான்காம் பதிப்பில், ஏற்கத்தக்க புலங்கள் இவையென்று நிரலாளர் வெளிப்படச் சொல்லுதல் விதியாயிற்று.

ஆகவே, சட்டகம் நம் உழைப்பைக் குறைக்குமேயன்றி நம் பொறுப்பைக் குறையாது. வீடு கட்டும் கொத்தன் செங்கல்லைத் தானே சுட வேண்டுவதில்லை. ஆனால் தட்டிப் பார்த்து, வெந்த கல் எது, மழையிற் கரையும் கல் எது என்று அறியாதவனைக் கொத்தனென்று எவரும் அழையார்.

எனவே, சட்டகத்தைக் கைக்கொள்ளுதல் தக்கதே. ஆயினும் நான்கு நெறிகளுக்கு உட்பட்டே கைக்கொள்ளல் வேண்டுமென்பது எமது துணிபு.

முதலாவது: பன்னிரண்டு வாரத்தில் முதல் இரண்டு வாரம் சட்டகமின்றிக் கழிதல் வேண்டும். பைத்தான் மொழியுடன் வரும் சாக்கெட் தொகுதியைக் கொண்டு, உலாவி அனுப்பும் வேண்டுகோளின் முதல் வரியைத் தாமே படித்து, இரண்டு முகவரிகளுக்கு இரண்டு பக்கங்களை விடுக்கும் சிறு சேவையகம் ஒன்றை மாணவர் எழுதுக. ஐம்பது வரிக்குள் அது முடியும். அதனோடு ஒரு படிவத்தையும் தம் கையால் எழுதிய எஸ்.க்யூ.எல். வாக்கியத்தையும் சேர்த்து, அதனைத் தாமே கெடுத்துப் பார்க்க. பின்னர் அதனை எடுத்து வைத்துவிட்டுச் சட்டகத்துக்கு வருக. ஒரு வாரம் கையால் நெல் குற்றியவனே அரைவை ஆலையின் அருமையை அறிவான்.

இரண்டாவது: சட்டகத்தை வழக்காறு பற்றியன்றிக் காரணம் பற்றித் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதன் விளக்கவுரை தெளிவாக உள்ளதா? எத்துணை ஆண்டு நின்று நிலவியது? யார் பேணுகின்றனர்? உரிம விதி யாது? ஐயம் நேர்ந்தால் கேட்டறியக் கல்லூரிக்குள் ஒருவரேனும் உளரா? அர்மின் ரோனாக்கர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிளாஸ்க்’ என்பது மிகச் சிறிய சட்டகம். முகவரியைப் பிரித்தல், பக்கத்தைக் கோத்தல் முதலிய சிலவற்றை மட்டுமே தந்து, தரவுத்தளம் முதலியவற்றை நம் விருப்பத்துக்கு விடுகின்றது. ஜாங்கோ பெரியது, மேலாளர் பக்கத்தைக்கூட ஆக்கித் தருவது. உறுப்புக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கற்க விழைவோர்க்குச் சிறியது ஏற்றது. பதிவேடும் பயனாளரும் மிகுந்த வேலைக்குப் பெரியது ஏற்றது. அண்டை வீட்டான் எடுத்தானென்று எடுப்பது காரணமாகாது. சிற்றூரிலிருந்து வருவோர்க்கு இணைய இணைப்பு எந்நேரமும் கிடைப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது. ஜாங்கோவின் விளக்கவுரையை முழுமையாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதனையும் வேண்டிய பொதிகளையும் கல்லூரி ஆய்வுக்கூடத்துப் பொறியில் வைத்திருந்தால் ஏழை மாணவனும் செல்வர் வீட்டு மாணவனும் ஒரு நிலையில் நின்று வேலை செய்வர்.

மூன்றாவது: பெற்றது எது, செய்தது எது என்று அறிக்கையில் ஒரு பக்கம் தெளிவாக எழுதுதல் வேண்டும். சட்டகத்தின் பெயர், பதிப்பெண், வேறு பொதிகள், அவற்றை எடுத்த காரணம், தாம் எழுதிய கோப்புக்கள், அவற்றுள் யார் எழுதியது எது என்பனவெல்லாம் அங்கே இருத்தல் வேண்டும். கடன் வாங்குதல் இழிவன்று. வாங்கியதை மறைத்தலே இழிவு. ஈண்டு ஒரு கசப்பான செய்தியையும் கூற வேண்டியுளது. ஆயத்தமாக எழுதி வைத்த திட்டத்தை அறிக்கையுடன் விலைக்குத் தருங் கடைகள் நகரங்களில் உள்ளன என்பது யாவரும் அறிந்ததே. பெற்றோர் வயலை ஈடு வைத்துக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி அக்கடைகளுக்குச் செல்லுமாயின், அம்மாணவனுக்குக் கல்லூரி கொடுத்ததுதான் யாது? கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் இப்பொழுது வந்துவிட்டன. சட்டகத்தை விலக்கினால் இத்தீமைகள் ஒழிந்துவிடும் என்று நினைப்பது பேதைமை. சட்டகமில்லாத நிரலையும் கடைக்காரன் விற்பான், பொறியும் எழுதும். உண்மையை எழுதும் பழக்கமும், எழுதியதைச் சோதிக்கும் தேர்வுமே இவற்றுக்கு மருந்து.

நான்காவது, ஆசிரியர்க்கும் தேர்வாளர்க்கும் உரியது. வரிகளின் எண்ணிக்கைக்கும் பக்கங்களின் பளபளப்புக்கும் மதிப்பெண் இடுதல் ஒழிக. மாணவனைப் பொறியின் முன் இருத்தி, ‘ஒருவர் இந்நூலைக் கேட்டுப் பொத்தானை அழுத்தியது முதல் மறுமொழி வரும்வரை நிகழ்வன யாவை? அவ்வவ்விடத்துக் கோப்பைத் திறந்து காட்டுக’ என்று கேட்டல் வேண்டும். பின்னர், ‘மாணவர்க்கு 14 நாளும் ஆசிரியர்க்கு 30 நாளும் தவணையாக இப்பொழுதே மாற்றுக’ என்று ஒரு சிறு மாற்றத்தைக் கொடுத்தல் வேண்டும். தானே செய்தவன் சிறிது தடுமாறியேனும் கால்மணி நேரத்தில் மாற்றிவிடுவான். விலைக்கு வாங்கியவன் எக்கோப்பைத் திறப்பதென்றே அறியான். எது சட்டகத்தது, எது மாணவனது என்று பிரித்தறியலாகாதென்ற தடைக்கும் இதுவே விடை. பிழை காட்டும் நிலையிலேயே தளத்தை ஊரறிய ஏற்றிவைத்தல், இரகசியக் குறியைப் பொதுக் களஞ்சியத்தில் எழுதி வைத்தல் ஆகியவை ஜாங்கோவின் விளக்கவுரையே விலக்கிய குற்றங்கள். இவற்றுக்கு மதிப்பெண் குறைத்தலும் முறையே.

இந்நெறிகளைக் கைக்கொள்ளின் ஆசிரியர்க்கு வேலை மிகும் என்பாருமுளர். மிகும் என்பது உண்மையே. அறுபது மாணவரை ஒரு நாளில் இங்ஙனம் வினாவுதல் இயலாது. அதனாலன்றோ பழைய மாணவரின் துணையை நாடுகின்றோம். சென்னையிலும் பெங்களூரிலும் பிற நாடுகளிலும் இத்தொழிலையே மேற்கொண்டுள்ள நம் பழைய மாணவர் ஆண்டில் ஒரு நாள் வந்திருந்து, அன்றி வலைவழியே தோன்றி, நான்கு மாணவரை வினாவுவரேல், அது நன்கொடைகளுட் சிறந்ததாகும். தாம் வேலை செய்யுமிடத்தில் ஒரு சட்டகத்தை எவ்வாறு தேர்ந்தனர், எதனை விட்டனர், எதற்காக வருந்தினர் என்று அவர்கள் கூறும் அரைமணி நேரப் பேச்சு, ஏட்டிற் காணாத பாடமாக அமையும்.

சட்டகம் வழக்கொழிந்து போமே என்ற தடை ஒன்று எஞ்சியுள்ளது. போகட்டும். ஆங்குலர்ஜேஎஸ் பயின்றோருள், அதன் கட்டளைகளை மட்டும் மனனஞ் செய்தோர்க்கு 2021ஆம் ஆண்டின் முடிவு பேரிழப்பாயிற்று. வேண்டுகோளும் மறுமொழியும், தரவும் தோற்றமும் தம்முள் எவ்வாறு பிரிந்து நிற்கின்றன என்று அறிந்தோர்க்கு அஃதோர் உடை மாற்றமே. தரவையும் தோற்றத்தையும் கட்டுப்பாட்டையும் வெவ்வேறாக வைக்கும் முறையை டிரிக்வே ரீன்ஸ்காக் என்பார் வகுத்தது 1979ஆம் ஆண்டில். வலை பிறப்பதற்குப் பத்தாண்டு முன்னர். இன்றைய சட்டகங்கள் பலவற்றிலும் அம்முறை ஏதேனும் ஒரு வடிவில் நின்று நிலவுகின்றது. நிலைத்த கருத்தை நிலையாக் கருவியின் வாயிலாகக் கற்றல் எல்லாத் தொழிற்கும் பொதுவே.

மாணவ நண்பர்காள்! பிறர் பன்னாள் உழைத்துத் திரட்டியதை எடுத்துக்கொள்ள நாணற்க. எடுத்ததை எடுத்தேமென்று கூறவும் நாணற்க. நும் பன்னிரண்டு வாரத்தைப் பிறர் முடித்த வேலையை மீண்டும் முடிப்பதிலும் செலவிடற்க, பிறர் முடித்ததை நுமதென்று காட்டுவதிலும் செலவிடற்க. இன்னும் எவரும் முடிக்காத வேலை, நும் கல்லூரி நூல்நிலையத்தின் தமிழலமாரியிலேயே காத்திருக்கின்றது. அடுத்த பருவத்திற் புதிய குழுவினர் திட்டப்பெயர் எழுதிக் கொடுக்குமுன், ‘இதில் எமக்கென்றே எஞ்சிய வினா யாது?’ என்று ஒரு வரி எழுதிப் பார்ப்பாராக. அவ்வரிக்கு விடை உண்டெனின், எச்சட்டகத்தின்மேல் அமைத்தாலும் அத்திட்டம் அவருடையதே.